பாதிக் கணப்பு

மூன்று முறை போனோம் வீடு பார்க்க.
மூன்று முறையும் பனிமூட்டம்.
"இந்த ஜன்னல்ல நின்னா
மேட்டுப்பாளையம் வரைக்கும் தெரியும் மேடம்"
வெள்ளைக்குள் விரல் நீட்டினார் தரகர் போஜன்.
கேட்ட விலையில் நாலு லட்சம்
அந்த விரலுக்கு.

குன்னூரில், பெட்போர்டுக்குக் கீழே,
ஆட்டோக்காரர் பாதியிலேயே இறக்கிவிடும் சரிவில்
எவனோ ஒரு துரை கட்டிய பங்களா.
துரைக்குப் பின் ஓர் எஸ்டேட் மேனேஜர்.
அவருடைய இரண்டு மகன்களுக்கும்
பேச்சு நின்றுபோன வருடம்
கூடத்தின் நடுவே எழுந்தது சுவர்.
சரவிளக்குக் கொக்கியை அந்தப் பக்கம் விட்டு
மரப்படியை இந்தப் பக்கம் விட்டு
கணப்பின் வாயை நேர் பாதியாகப் பிளந்துகொண்டு.

எங்களுக்கு இடப்பாதி.
கரி படிந்த அரை வாய்.
புகைபோக்கி அவர்களுக்கு.

வங்கியிலிருந்து வந்த இளைஞன்
விரல்முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தான்.
தட்டிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது.
"கட்டடத்துக்கு மதிப்பு பூஜ்யம் போட்டிருக்கேன்,
மண்ணுக்கு மட்டும்தான் லோன்."
இருநூற்று நாற்பது தவணை.
தேயிலை ஃபாக்டரியில் கணக்கெழுதுகிறவள் நான்.
கடைசித் தவணை கட்டும்போது
எனக்கு அறுபத்தொன்று
என்பதைக் காகிதம் இல்லாமலே போட்டுவிட்டேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் இல்லை.
அதற்கு முந்தைய கைப்பிரதிகளைத் தொட்டால்
பக்கத்தோடு வருமாம் எழுத்து.
முத்திரை குத்தித் தந்த தாளும்
மழைக்கோட்டுக்குள் ஈரமாகிவிட்டது.

பத்திரம் எழுதும் ஈசாக்கு
ஒரே மூச்சில் வாசித்தார்:
நிதி நிட்சேப ஜல தரு பாஷாண
சகல பாத்தியங்களுடன்.
"அப்படின்னா?" என்றார் தேவசகாயம்.
"புதையல் கிடைச்சாலும் உங்களுதுதான் சார்."

புதையல் இன்னும் தோண்டவில்லை.
ஜலம், பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை
விடியற்காலை மூன்று மணிக்கு.
தரு, கூரைமேல் சாயப் பார்க்கும் ஒரு சைப்ரஸ்.
வெட்டினால் வழக்கு, விழுந்தால் விதி.
பாஷாணம் தாராளம்.
ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும்
தடுப்புச்சுவர் ஒரு கல்லைத் துப்புகிறது.
காட்டெருமை ஒன்று மாலையில் வந்து
முள்ளங்கிப் பாத்தியில் நிற்கிறது.
அதன் பாத்தியம் எந்தப் பத்திரத்திலும் இல்லை,
ஆனால் நாங்கள்தான் உள்ளே ஓடுகிறோம்.

மார்கழி வந்தது.
துவைத்தது காயவில்லை.
உப்பு ஜாடியில் தண்ணீர்.
சின்னவள் ஸ்வெட்டரோடு தூங்கி
ஸ்வெட்டரோடு எழுந்து பள்ளிக்குப் போனாள்.

ஒரு ராத்திரி சுவருக்கு அப்பால்
இடுக்கி விழும் சத்தம்.
பிறகு விறகு முறியும் சத்தம்.
பக்கத்துப் பாதியின் வரதராஜுலு
லோகோ ஷெட்டில் முப்பது வருடம்
மலை ரயிலுக்கு நெருப்புப் போட்டவர்.
ஊரில் யாரோடும் அதிகம் பேசமாட்டார்.
எங்களோடு பேசியது ஒருமுறைதான்,
கழிவுக்குழாய் பற்றி, கொஞ்சம் கோபமாக.

பத்து மணிக்குச் சுவர் சூடேறியது.
பூஜ்யம் மதிப்புள்ள சுவர்.
முதலில் முதுகைச் சாய்த்தது சின்னவள்.
பிறகு கணக்குப் புத்தகத்தோடு நான்.
அரை வாய்க்கு மேலே ஆணி அடித்து
ஈரக் காலுறைகளைத் தொங்கவிட்டார் தேவசகாயம்.
அடிக்கும்போது மெதுவாக அடித்தார்,
அப்பால் கேட்டுவிடக் கூடாதென்று.
கிழக்கே வரதராஜுலு வீட்டுச் சுவர்
என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது பத்திரத்தில்.

தை பிறந்ததும் மகள் வீட்டுக்கு
போத்தனூர் போய்விட்டார் அவர்.
பதினோரு நாள்.
அதில் ஒரு காலையில் மூட்டம் விலகி
நிஜமாகவே தெரிந்தது மேட்டுப்பாளையம்,
பவானி ஒரு கீறல் போல,
ஏதோ ஓர் ஆலையின் கண்ணாடி மின்னிக்கொண்டு.
நாலு லட்சத்தை
ஏழு நிமிடம் பார்த்தேன்.
பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் இரவு, ஒன்பது தாண்டி,
இடுக்கி விழுந்தது.
சோற்றுத் தட்டிலிருந்து மூவரும் நிமிர்ந்தோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தேவசகாயம் கை கழுவிவிட்டு
வாளியிலிருந்து காலுறைகளை எடுத்துப் பிழிந்தார்.